ஒரு கால் மட்டும் சூடாக இருந்த சனிக்கிழமை

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கடையநல்லூரிலிருந்து பதினாறு பேருடன் ஒரு வேன் எங்கள் மையத்தின் வாசலில் வந்து நின்றது.
2. அதில் வந்த ஐந்து ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சீட்டு வாங்கினார்கள்.
3. நான்கு பேருக்குச் சரியாக எழுதினேன்.
4. ஐந்தாமவருக்குத் தவறாக எழுதினேன்.
5. அவருக்குத் தேய்க்க வேண்டியவர், நான் எழுதியபடி தேய்க்கவில்லை.
6. ஐந்தாமவர் இடுப்பில் ஒரு துண்டோடு நின்றுகொண்டு இருபது நிமிடம் என்னோடு சண்டை போட்டார்.
7. அன்று மதியம் அந்தப் பதினாறு பேரில் பதினைந்து பேர் தென்காசியில் ஒரு மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஆண்டுதோறும் இதை வாயால் சொல்வேன். இந்த முறை புதிய டாக்டர்களான உங்கள் மூவருக்கும் எழுதித் தருகிறேன். பதின்மூன்று ஆண்டுகள் இந்த இயற்கை மருத்துவ மையத்தின் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இந்த மாதத்தோடு விலகுகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை, முப்பத்தாறுதான். ஆனாலும் விடைபெறும் ஆளுக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

எண்ணெயை எவ்வளவு சூடாக்குவது, நீராவி அறையில் எத்தனை நிமிடம், வயிற்று மண் பட்டி எவ்வளவு தடிமன், இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதில் நான் எழுத மறந்ததும் நிறைய இருக்கிறது. இது அதில் ஒன்று.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு: முதலில் எண்ணெய், பிறகு அருவி, பிறகு சாப்பாடு. இதில் எதையும் முன்பின்னாக மாற்ற அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் சாரல் மாதங்களில் நம் மையத்துக்குத் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களோடு, காலையில் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்கு ஓடுகிறவர்களும் வருவார்கள். வரிசை வாசலைத் தாண்டி ஐந்தருவிச் சாலை வரை நிற்கும். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது.

அந்த ஒரு நிமிடத்துக்காக நான் பன்னிரண்டு கேள்விகள் வைத்திருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, காய்ச்சல், புண், மாத்திரை என்று போகும். என் பட்டியல் மேல் எனக்கு நல்ல மதிப்பு இருந்தது. பன்னிரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

ஐந்தாமவர் பெயர் ஹமீது. ஐம்பது வயதிருக்கும். சவுதியில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார். என் அறை வாசலுக்கு வந்ததும் உள்ளே ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மடிப்பை அவிழ்த்துக் கைலியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். நம் பக்கத்து ஆண்கள் எல்லாரும் செய்வது. நான் தலையைக் குனிந்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

பன்னிரண்டுக்கும் "அதெல்லாம் ஒண்ணும் கெடயாது" என்றார்.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா அண்ணாச்சி?"

"வலது கால்ல கெண்டச்சதை புடிச்சுக்கிட்டு நிக்கி. நரம்பு சுருட்டியிருக்கும் போல. நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்க டாக்டரம்மா."

கைலியை உயர்த்திக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் மரியாதை கொடுத்தேன். வெளியே இன்னும் பதினொரு பேர் நின்றார்கள். "வலது கெண்டைக்கால்: அழுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரியாதை தெரியாத ஒருவர் மடித்துக் கட்டிய கைலியோடே என் முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

அவரைத் தேய்க்கப் போனவர் முத்துக்குமார். இலஞ்சிக்காரர், என் வயதுதான். தேய்க்கும்போது வாய் ஓயாது. அவர் பேச்சுக்காகவே அவரிடம் வருகிறவர்கள் உண்டு. அன்று பத்து நிமிடத்தில் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார், முழங்கை வரை எண்ணெயோடு. வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"டாக்டர், இங்கன ஒரு நிமிஷம் வாங்க."

"என்ன?"

"எடது காலு முடிச்சிட்டேன். வலது கால்ல கை வைக்கப் போனேன். ரெண்டும் ஒரே ஆளு காலு மாதிரி இல்ல."

"வீக்கமா?"

"வீக்கமும் இருக்கு, சூடாவும் இருக்கு. எண்ணெ இன்னும் படவே இல்ல, அதுக்குள்ள சூடு. நீங்க அழுத்தம்னு எழுதியிருக்கீய. அதான் கேட்டுக்கிடலாம்னு வந்தேன்."

உள்ளே போனேன். ஹமீது மரப்பலகையில் துண்டோடு படுத்திருந்தார். அளவு நாடா எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது முப்பத்து நான்கு சென்டிமீட்டர். வலது முப்பத்தெட்டு. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. விரலால் லேசாகத் தொட்டதற்கே முகம் சுளித்தார்.

"எப்போ ஊருக்கு வந்தீங்க?"

"புதங்கெழமை."

"எப்படி வந்தீங்க?"

"பிளேன்லதான் வந்தேன். சவுதில இருந்து நடந்தா வருவாவ?"

இரண்டு விமானம். நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் காத்திருப்பு. திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் செங்கோட்டை வழியாக வீடு. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஓட்டுநர் இருக்கையில். வியாழக்கிழமை கால் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்தவரின் காலில் இரத்தம் உறைந்து நாளத்தை அடைத்துக்கொள்வது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சதைப்பிடிப்பு மாதிரியே இருக்கும். அதை அழுத்தித் தேய்த்தால் அந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். போனால், பலகையில் படுத்தவர் பலகையிலேயே முடிந்துவிடலாம்.

அதுதான் என்று உறுதியாகத் தெரியாது. ஸ்கேன் செய்யாமல் யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. தேய்க்கக் கூடாது. அருவிக்குப் போகக் கூடாது. உடனே தென்காசிக்குப் போக வேண்டும். இதில் முதலாவது மட்டும்தான் என் கையில் இருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு எண்ணெய் வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

விளக்கினேன். நாளம், உறைவு, நுரையீரல் என்று படித்ததையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னேன். கடைசியில் மருத்துவமனை என்றேன். அவர் காதில் அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியா? நீங்க தேய்க்க மாட்டீயன்னா விடுங்க. அருவிக்கரையில ஆளா இல்ல?"

அந்த நேரம் பார்த்து அவருடைய மைத்துனர் காஜா திரைக்குள் தலையை நீட்டினார். "மச்சான், தண்ணி கூடுதாம். பத்து மணிக்கு மேல குளிக்க விட மாட்டாவளாம். வெரசா வாங்க. என்னது, காலா? இதுக்கா இம்புட்டு நேரம்? அங்கன ஒருத்தன் இருக்கான், அவன் உருவுனா நொண்டியும் ஓடுவான். நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் தேய்க்க மறுத்து அனுப்பிவிட்டால் என் கை சுத்தமாகிவிடும். அரை மணி நேரத்தில் அருவிக்கரையில் வேறொரு கை அந்தக் காலை முறுக்கும். மறுப்பதோடு என் வேலை முடிந்துவிடாது என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. இவரை இங்கேயே பிடித்து வைக்க வேண்டும்.

"முத்துக்குமாரு, பொட்டிச் சாவியக் குடு. உடுப்பப் போடணும்" என்றார் ஹமீது.

உடைகள் வைக்கும் பெட்டியின் சாவி முத்துக்குமாரிடம்தான் இருந்தது. "எண்ணெக் கையி அண்ணாச்சி, எங்கன வச்சேன்னு தெரியல. தேடுதேன், இரிங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இன்னும் மும்முரமாகத் தேடினார்.

ஹமீதுக்குக் கோபம் ஏறியது. கோபத்தின் அடியில் இருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. "டாக்டரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாவ. இன்னும் ஒம்பது நாள்ல எம்மவளுக்குக் கல்யாணம். ரெண்டு வருசமா ஊருக்கு வராம இதுக்குத்தான் வண்டி ஓட்டுனேன். என்னையப் படுக்கையில போட்டுட்டா, தகப்பன் எடத்துல எவன் போயி உக்காருவான்?"

அவர் பயந்தது காலுக்காக இல்லை. நான் பத்து நிமிடமாகக் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு அந்தக் கல்யாணத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைப்பதாகத்தான் கேட்டிருக்கிறது.

பேச்சை மாற்றினேன். "அண்ணாச்சி, உங்க ட்ரெய்லர்ல எத்தனை டயர்?"

"பதினெட்டு. ஏன்?"

"ஒண்ணு மட்டும் சூடாகி உப்பி நிக்குன்னு வைங்க. சரக்கு அவசரம், ஒம்பது நாள்ல போய்ச் சேரணும். ஓட்டுவீங்களா?"

"கிறுக்கனா நான்? ஓரமா ஒதுக்கிருவேன்."

"எவ்வளவு தூரம் ஓட்டிட்டு ஒதுக்குவீங்க?"

"ஒரு அடி ஓட்டப்படாது. வெடிச்சா வண்டி மொத்தமும்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். தன் வலது காலைப் பார்த்தார். பிறகு இடது காலை. முதல் தடவையாக இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று தோன்றியது.

அப்போதும் அவர் சரி என்று சொல்லவில்லை. சொன்னது அவர் மனைவி பாத்திமா. ஆண்கள் பகுதிக்குள் பெண்கள் வரக் கூடாது என்று எழுதிய பலகையைத் தாண்டி, திரையை ஒரே இழுப்பில் விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன, மாப்பிள்ளையே நீங்கதான்னு நெனப்பா? இம்புட்டு நேரமா எண்ணெ தேய்க்கிய?" என்று ஆரம்பித்தவர் காலைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "இது எப்ப இருந்து?"

ஹமீது துண்டை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். நான் சொன்னேன்: "வியாழக்கிழமையில இருந்து வலி இருக்காம் அக்கா. ரத்தம் உறைஞ்சிருக்கலாம்னு சந்தேகம். இன்னைக்கே ஸ்கேன் பாக்கணும்."

"வியாழக்கெழமை! மூணு நாளா எம் முன்னால மட்டும் கைலியத் தரையோட இழுத்துக்கிட்டுத் திரிஞ்சது இதுக்குத்தானா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே காஜா, வேனத் திருப்பு. அருவி எங்கயும் போவாது."

"அக்கா, தண்ணி..."

"தண்ணி குடிக்கணும்னா அங்கன குழாய் இருக்கு, குடி. வேனத் திருப்புலே."

முத்துக்குமாருக்குச் சாவி உடனே கிடைத்துவிட்டது.

ஹமீதை நடக்கவிடவில்லை. நாற்காலியோடு தூக்கி வேனின் முன் இருக்கையில் உட்காரவைத்தோம். தென்காசியில் ஸ்கேன் வசதி உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்து, சந்தேகம் என்ன, அளவு என்ன என்று முன்கூட்டியே சொன்னேன். பிறகு நானும் முத்துக்குமாரும் வேனிலேயே ஏறிக்கொண்டோம். கால் வைக்க இடமில்லை. நடுவில் பிரியாணிச் சட்டி உட்கார்ந்திருந்தது. வழியில் முத்துக்குமார் என் காதருகில் ஒன்று சொன்னார்.

"டாக்டர், கோவிச்சுக்கிடாதீய. போன வாரம் சீட்ட மாத்திட்டான்னு ஒருத்தனப் போட்டுக் கத்துனீயள்லா? அதான், வெளிய வந்து உங்ககிட்ட கேக்கலாமா வேண்டாமான்னு எனக்கு ரெண்டு நிமிஷம் கை அப்படியே நின்னுச்சு."

இந்த வரியை நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும். நான் தவறாக எழுதியது ஒரு தவறு. என் தவறை வந்து சொல்ல ஒருவர் யோசிக்கும்படி நான் நடந்துகொண்டது அதைவிடப் பெரியது. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் "டாக்டரே எழுதிட்டாவ, நமக்கென்ன" என்று முடிவு செய்திருந்தால், இதை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது எழுதவே மாட்டேன்.

மருத்துவமனை வாசலில் வேன் நின்றதும் பின்னாலிருந்து ஒரு சின்னப் பையன், "அருவி வந்திருச்சா?" என்று கேட்டான். ஹமீதே சிரித்துவிட்டார்.

பணியிலிருந்த மருத்துவர் காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாராவது தேய்ச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துக்குமார் சொன்னார்: "எடது காலு மட்டுந்தான் சார். வலது கால்ல ஒரு சொட்டு எண்ணெ படல."

ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் தொடங்கித் தொடை வரை இரத்தக் கட்டி தெரிந்தது. உடனே ஊசி மருந்து தொடங்கினார்கள். நான்கு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பாத்திமா, "கல்யாணத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பந்தியில ஓடி ஓடிப் பரிமாறக் கூடாது. மத்தபடி இருக்கலாம். மாத்திரைய மட்டும் ஒரு வேளை விடக் கூடாது."

அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குப் பசி வந்தது. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சட்டியைத் திறந்தார்கள். காவலாளிக்கு ஒரு தட்டு, சீட்டு போடும் பெண்ணுக்கு ஒரு தட்டு. காஜா கையைக் கழுவிக்கொண்டே, "குத்தாலத்துக்கு வந்துட்டு ஆஸ்பத்திரிக் குழாயில நனைஞ்சுட்டுப் போற ஒரே குடும்பம் நாமதான்" என்றார். கல்யாணப் பெண் ரஹீமா அதுவரை அழுதுகொண்டிருந்தவள், மாமாவின் முதுகில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தாள். ஊருக்கெல்லாம் எண்ணெய் இல்லாத சாப்பாட்டை எழுதிக் கொடுப்பவள் நான். அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. நான் எழுதிய சீட்டு என் மேசையில் இருந்தது. எங்கள் மேலாளர், "அதான் தேய்க்கலையே, அந்தச் சீட்டு எதுக்கு இனிமே? தூரப் போடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் தென்காசிக்குப் போனேன். ஹமீதின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, அவரிடமும் பாத்திமாவிடமும் சீட்டைக் காட்டினேன்.

"வலது காலை அழுத்தித் தேய்க்கணும்னு எழுதினது நான்தான். காலைப் பார்க்காம எழுதினேன். முத்துக்குமார் நிறுத்தலைன்னா நடந்திருக்கும். மன்னிச்சுக்கிடுங்க."

ஹமீது சீட்டை வாங்கிப் பார்த்தார். "நான் அந்தக் கைலிய எறக்கி விடாம உள்ள வந்திருந்தா நீங்க பாத்திருப்பீயள்லா?"

"பாத்திருப்பேன்."

"அப்ப மரியாத குடுத்தே உசுர விட்டு மவுத்தாகப் பாத்தேன்னு சொல்லுங்க."

பாத்திமா சீட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "உங்களுக்கு ஒரு குட்டு, பாக்காம எழுதுனதுக்கு. இவருக்கு ரெண்டு குட்டு, எங்கிட்ட சொல்லாம மறைச்சதுக்கு. அந்தத் தம்பிக்கு மட்டும் கல்யாணத்துல ரெண்டு தட்டு." சொன்னதோடு விடவில்லை. ஹமீதின் தலையில் நிஜமாகவே இரண்டு குட்டு வைத்தார். ஊசி போட வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் நாள் கல்யாணம். முத்துக்குமாரும் நானும் கடையநல்லூருக்குப் போனோம். ஹமீது வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியோடு மாப்பிள்ளைக்கு எதிரில் தகப்பன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கொடுக்கும் வார்த்தைகளை அவர் வாயாலேயே சொன்னார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. காஜா பக்கத்திலிருந்து, "மச்சான், டயர் பஞ்சரா?" என்று முணுமுணுக்க, ஆண்கள் வரிசை மொத்தமும் சிரித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் என்னைக் கண்டதும், அத்தனை பேர் நடுவில் கைலியை முழங்கால் வரை தூக்கி மருத்துவக் காலுறையைக் காட்டினார். "நல்லாப் பாத்துக்கிடுங்க டாக்டரம்மா!" முத்துக்குமாரின் இலையில் இரண்டு தட்டுக்கு மேலேயே விழுந்தது.

இனி உங்களுக்குச் சில வார்த்தைகள். எண் போட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

வலி இருக்கிறது என்று சொல்லும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். "அண்ணாச்சி, கைலிய மடிச்சுக் கட்டுங்க" என்று சொல்ல எனக்கு முதலில் நாக்கு வரவில்லை. சில பெரியவர்கள் திடுக்கிடுவார்கள். சொல்லுங்கள். மிகவும் கூச்சப்பட்டால் ஆண் பணியாளரை விட்டு அளந்து எழுதி வாங்குங்கள். ஊரிலிருந்து எப்போது, எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். தேய்ப்பவர் சீட்டோடு வெளியே வந்தால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுந்து உள்ளே போங்கள். அவர் சொன்னது தவறாக இருந்தாலும் நன்றி சொல்லுங்கள். அதற்குப் பிறகு பத்துத் தடவை ஒன்றுமில்லாத காலுக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்துத் தடவையும் போனேன். பதினொன்றாம் தடவை, முழங்கையில் சூடாக இருந்த ஒரு கொப்புளம். அதுவும் தேய்க்கக் கூடாததுதான்.

நம்மால் ஆகாதது எது என்று தெரிந்துவைத்திருப்பதும் நம் வைத்தியத்தில் ஒரு பகுதி. அதைச் சொல்லும்போது வெட்கப்படாதீர்கள். ஹமீதின் அந்தக் காலுக்கு நான் அன்று ஒரு சிகிச்சையும் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தார் ஆண்டுதோறும் சாரலுக்கு முதலில் நம் வாசலில்தான் வேனை நிறுத்துகிறார்கள்.

இப்போதைய நிலை இது. ஹமீதுக்கு உறைவு கரைந்துவிட்டது. மருத்துவர் சொன்ன பிறகுதான் மாத்திரையை நிறுத்தினார். சவுதிக்குத் திரும்பவில்லை. கடையநல்லூரில் பள்ளி வேன் ஓட்டுகிறார், இரண்டு நடைக்கு நடுவில் இறங்கி நடக்கிறார். ரஹீமாவுக்கு ஒரு பெண் குழந்தை. முத்துக்குமார் ஆண்கள் பகுதிக்குப் பொறுப்பாளர். நான் ஆலங்குளத்தில் யோகாவுக்கும் உணவு ஆலோசனைக்கும் ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறேன். சாரல் தொடங்க மூன்று வாரம் இருக்கிறது. சீட்டில் இனி உங்கள் கையெழுத்து.